அத்தை நடத்தி வைத்த திருமணம் செல்லுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆவணி மாதம் என் தம்பி மகளின் திருமணம் தக்கலைக்கு அருகிலுள்ள ஒரு மண்டபத்தில் என் தலைமையில் நடந்தது. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. மணமக்கள் இருவரும் சபையைப் பார்த்து நின்று உறுதிமொழி கூறினார்கள், மாலை மாற்றிக்கொண்டார்கள், நான் எடுத்துக் கொடுத்த தாலியை மணமகன் கட்டினார், வந்திருந்தவர்கள் பூத்தூவி வாழ்த்திவிட்டுப் பந்திக்குப் போனார்கள். அன்று முதல் இன்று வரை, கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும், பேருந்திலும், ஒரு முறை ரேஷன் கடை வரிசையிலுங்கூட, ஒரே கேள்வி என்னைத் தேடி வந்துகொண்டிருக்கிறது: அத்தைக்காரி நடத்தி வைத்த கல்யாணம் சட்டப்படி செல்லுமா? இம்மாவட்டத்தின் நீதிமன்றங்களில் 31 ஆண்டுகள் ஊழியராக இருந்து, திருமணம் நடந்ததா இல்லையா என்ற ஒன்றைத் தீர்மானிப்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வழக்குக் கட்டுகளைத் தூசி தட்டி எடுத்து வைத்தவள் என்ற முறையில், பொதுமக்கள் இப்படிக் கேட்பதில் எனக்கு வியப்பில்லை. திருமணங்களைப் பதிவு செய்வதையே வேலையாகக் கொண்ட ஓர் அலுவலகத்திலும் அதே கேள்வி கேட்கப்பட்ட பிறகுதான், இதைத் தங்கள் நாளிதழின் வாசகர்கள் முன் வைப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த அலுவலகத்தின் ஊரையோ பெயரையோ இங்கே குறிப்பிட விரும்பவில்லை. அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வயதுச் சான்று, முகவரிச் சான்று, அழைப்பிதழ், புகைப்படம், சாட்சிகள் என்று எல்லாவற்றோடும் போன மணமக்களிடம் எழுத்தர் முதலில் கோயில் ரசீதைக் கேட்டிருக்கிறார். திருமணம் கோயிலில் நடக்கவில்லை என்றதும், நடத்தி வைத்த ஐயரின் கடிதத்தைக் கேட்டிருக்கிறார். ஐயர் யாரும் இல்லை, அத்தைதான் நடத்தி வைத்தார் என்று பெண் சொன்னதும், அந்த அத்தையை அழைத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நான் போய் நின்றபோது அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: “கல்யாணம் பண்ணி வைக்க உங்களுக்கு என்னம்மா அதிகாரம் இருக்கு?” எனக்கு அதிகாரம் எதுவும் இல்லை, அப்படி ஒரு அதிகாரம் யாருக்கும் வேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை என்று நான் சொன்ன பதில் அவருக்குக் குறும்பாகப் பட்டிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலதிகாரி அன்று விடுப்பு. மூன்றாம் முறை, சட்டப் பிரிவின் நகலை நானே எடுத்துக்கொண்டு போய்க் காட்டிய பிறகு, திருமணம் நடந்த 83-ஆம் நாளில் பதிவு முடிந்தது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 தரும் 90 நாள் கெடு முடிய ஒரு வாரமே மீதியிருந்தது. அது தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் நீதிமன்றத்தில் வேலை பார்த்த அத்தை இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

இனி, அந்த நகலில் இருந்தது என்ன என்பதைச் சொல்கிறேன். இந்து திருமணச் சட்டம், 1955-இன் 7-ஆம் பிரிவு, மணமக்களில் எவரேனும் ஒருவருடைய வழக்கத்திலுள்ள சடங்குகளின்படி திருமணம் நடத்தலாம் என்றும், அக்னியைச் சுற்றி ஏழடி எடுத்து வைக்கும் சப்தபதி அந்தச் சடங்குகளில் ஒன்றாக இருந்தால் ஏழாவது அடியில் திருமணம் முழுமை பெறும் என்றும் கூறுகிறது. இது நாடு முழுவதற்குமான விதி. தமிழ்நாட்டுக்கு இதன் பக்கத்தில் 7-ஏ என்று இன்னொரு பிரிவு உண்டு. அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-இல் சட்டமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இப்பிரிவு, சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம் அல்லது வேறெந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், இரண்டு இந்துக்களுக்கு இடையே உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் நடக்கும் திருமணம் செல்லும் என்கிறது. அதற்கு அது சொல்லும் வழிகள் மூன்று: இருவருக்கும் புரிகிற ஏதேனும் ஒரு மொழியில் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகக் கூறுவது, அல்லது மாலை மாற்றுவது, இல்லையேல் விரலில் மோதிரம் அணிவிப்பது, அல்லது தாலி கட்டுவது. இவற்றுள் ஏதேனும் ஒன்று நடந்தால் போதும். எங்கள் வீட்டில் மூன்றும் நடந்தன. தமிழ்க் குடும்பம் எதையும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இந்தப் பிரிவைத் தலைகீழாகப் படித்தாலும் நடத்தி வைப்பவர் என்ற ஒருவரை அதில் காண முடியாது. புரோகிதர் வேண்டாம் என்று மட்டும் அது சொல்லவில்லை. புரோகிதருக்குப் பதிலாகத் தலைவர், பெரியவர், உறவினர் எவரையும் அது நியமிக்கவும் இல்லை. திருமணத்தைச் செய்பவர்கள் மணமக்கள் இருவரே, மற்ற எல்லோரும் பார்த்திருப்பவர்கள். ஆகவே, உறவினர் திருமணத்தை நடத்தி வைக்கச் சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு என் பதில், நடத்தி வைப்பவர் என்ற நாற்காலியையே சட்டம் அந்த மேடையில் போடவில்லை என்பதுதான். நான் தாலியை எடுத்துக் கொடுத்ததால் அது திருமணம் ஆகவில்லை. நான் அன்று காய்ச்சலில் படுத்திருந்தாலும் அது திருமணமாகவே இருந்திருக்கும்.

இந்த எளிமைக்குப் பின்னால் நீண்ட வழக்காட்டம் இருக்கிறது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் 1928-இல் தந்தை பெரியார் முன்னின்று நடத்திய திருமணத்திலிருந்து பரவத் தொடங்கின. நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் அரசரின் ஆட்சியில் இருந்தது. மேடையில் செல்லுபடியான அந்தத் திருமணங்கள் நீதிமன்றப் படியேறியபோது நிற்கவில்லை; 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம், சாத்திரச் சடங்கோ நிலைபெற்ற வழக்கமோ இல்லாத இத்தகைய திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. திருமணம் செல்லாது என்றால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொத்தில் என்ன நிலை என்பதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் 1967-ஆம் ஆண்டுத் திருத்தம், இனி நடப்பவற்றுக்கு மட்டுமின்றி, அதற்கு முன் நடந்துவிட்ட சுயமரியாதைத் திருமணங்களுக்கும் சேர்த்தே செல்லுபடி கொடுத்தது. பிள்ளைகளின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த சந்தேகத்தை ஒரே பிரிவில் இறக்கி வைத்தார்கள்.

அதன் பிறகும் சந்தேகம் ஓயவில்லை. முதல் மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியை மணந்துகொண்ட ஒருவர், இரண்டாவது திருமணத்தில் சப்தபதி நடக்கவில்லை, எனவே அது திருமணமே அன்று, எனவே நான் குற்றம் செய்யவில்லை என்று வாதாடிய வழக்கில், தமிழ்நாட்டில் 7-ஏ பிரிவு இருக்கையில் சப்தபதி கட்டாயம் இல்லை என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தத் தீர்ப்பைப் பலர் சீர்திருத்தத்துக்குக் கிடைத்த வெற்றியாகப் பார்க்கிறார்கள். நான் அதைக் கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கிடைத்த நியாயமாகப் பார்க்கிறேன். எந்தச் சடங்கு குறைந்தது என்று கணக்குப் பார்த்துத் தப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே என்பதை நான் அலுவலில் இருந்த காலத்திலேயே கண்டிருக்கிறேன்.

வழக்கறிஞரின் அறையில் மூடிய கதவுக்குள் நடக்கும் திருமணம் சுயமரியாதைத் திருமணம் ஆகாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியிருந்தது. இளவரசன் என்பவர் தொடுத்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட்டில் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. ஊரறிய அறிவிப்பது இப்பிரிவின் நிபந்தனை இல்லை என்றும், குடும்பத்தின் எதிர்ப்புக்கோ உயிருக்கோ அஞ்சி ஒதுக்கமாக மணம் செய்துகொள்பவர்கள் உண்டு என்றும், வழக்கறிஞர்கள் தொழில்முறையில் திருமணம் செய்து வைக்கக் கூடாதாயினும் நண்பராகவோ உறவினராகவோ முன்னிலையில் இருப்பதற்குத் தடை இல்லை என்றும் அது தெளிவுபடுத்தியது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் உறவினர் என்பது. சட்டம் உறவினருக்குத் தரும் இடம் சாட்சியின் இடம். அது சிறிய இடம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பின்னாளில் கூண்டில் ஏறி, நான் பார்த்தேன் என்று சொல்லப் போகிறவர் அவர்தான்.

இதற்கு நேர்மாறான குழப்பம் 2024-இல் வந்தது. சடங்கு எதுவும் நடக்காமல் ஓர் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கி, அதைக் கொண்டு பதிவும் செய்துகொண்ட ஓர் இணையரின் வழக்கில், உரிய சடங்கு இல்லாவிட்டால் பதிவுச் சான்றிதழ் மட்டுமே இந்துத் திருமணத்தை உண்டாக்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி, ‘ஏழடி வைக்காத கல்யாணம் இனிச் செல்லாது’ என்று உருமாறி எங்கள் தெரு வரை வந்தது. எழுத்தர் மனத்திலும் அதுவே இருந்திருக்கலாம். தமிழ்நாட்டின் 7-ஏ பிரிவு அந்தத் தீர்ப்பால் நீங்கிவிடவில்லை. அதே சமயம், அந்தத் தீர்ப்பில் நம்மவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது: பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் கல்யாணம் முடிந்தது என்று நினைத்து, உறுதிமொழியும் மாலையும் தாலியும் இல்லாமல் நேரே பதிவுக்குப் போகிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவு என்பது நடந்த திருமணத்தை எழுதி வைப்பது மட்டுமே.

புரோகிதர் இல்லாத திருமணம் என்றதும் ஏதோ புதுமை புகுந்துவிட்டது போல நம் மாவட்டத்தில் சிலர் பேசுவது எனக்கு விநோதமாகவே இருக்கிறது. சாமித்தோப்பைத் தலைமையிடமாகக் கொண்ட அய்யாவழிக் குடும்பங்களின் திருமணங்களுக்குப் பிராமணப் புரோகிதரை அழைக்கும் வழக்கம் இல்லை. தலைப்பாகை அணிந்த மணமகனைத் தங்களுக்குள்ளேயே ஒரு பெரியவர் முன்னின்று மணம் முடித்து வைப்பதை நான் சிறுமியாக இருந்தபோதிலிருந்து பார்த்து வருகிறேன். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளம் பேசும் குடும்பங்கள் சிலவற்றில், உறவினர் கூடிய சபையில் மணமகன் பெண்ணுக்குப் புடவை கொடுப்பதே திருமணமாக இருந்தது. வடக்கே கொங்கு நாட்டில், சீர்களைச் செய்யும் அருமைக்காரர் கோயில் குருக்கள் அல்லர், குடும்பஸ்தரான சாதிப் பெரியவர். இவையெல்லாம் வழக்கம் என்ற முறையில் 7-ஆம் பிரிவுக்குள்ளேயே அடங்கும். 7-ஏ பிரிவின் துணைகூட இவற்றுக்குத் தேவையில்லை. எங்கள் மணமகனும் விளவங்கோட்டுப் பக்கம்தான். அவர் தம் உறுதிமொழியை மலையாளத்திலும் எங்கள் பெண் தமிழிலும் சொன்னார்கள். இருவருக்கும் இரண்டும் புரியும் என்பதால் சட்டத்துக்கு அதில் குறை இல்லை. பிறகு அவருடைய தாயாரின் விருப்பப்படி புடவை கொடுப்பதும் நடந்தது.

உறவினரைத் தலைமைக்கு அழைப்பதால் சட்டத்தில் எதுவும் கூடுவதில்லை என்றால் எதற்காக அழைக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு காலத்தில் இத்தகைய திருமணங்களுக்குக் கட்சித் தலைவர்களை அழைத்தார்கள். கொள்கையைப் பரப்புவதற்கு அது தேவையாக இருந்தது. இன்று அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று பெயர்களை அடுக்கி, தலைமை தாங்க வேண்டியவர் வேறு மூன்று திருமணங்களை முடித்துவிட்டு வரும் வரை மணமக்களை வியர்வையில் உட்கார வைத்து, பந்தியில் அடைப்பிரதமன் ஆறிப் போவதைத்தான் நான் பார்க்கிறேன். அவருக்கு மணமகளின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. என் தம்பி மனைவி இறந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஆறு வயது. அது முதல் அவள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அவளுடைய பெயரை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

நான் கணவரை இழந்தவள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எனக்கு என்ன அதிகாரம் என்ற கேள்வியின் அடியில் பல இடங்களில் அதுவே இருந்தது. மணமகனின் பாட்டி, தாலியைத் தட்டில் வைத்துவிட்டால் பையனே எடுத்துக் கட்டிக்கொள்வான், யார் கையும் படவேண்டாம் என்று ஒரு சமரசம் சொன்னார். சட்டப்படி அதில் பிழை இல்லை, கட்டுவதுதான் கணக்கு, எடுத்துக் கொடுப்பது கணக்கில் இல்லை. நானும் சரி என்றே சொல்லிவிட்டேன். மணமகள்தான் ஒப்புக்கொள்ளவில்லை. “அத்தை எடுத்துத் தரலைன்னா நான் கழுத்தை நீட்ட மாட்டேன்” என்று அவள் சொன்னதற்குப் பிறகு பாட்டியும் பேசவில்லை. மேடையில் அவரே தட்டை நீட்டினார். பேத்தி முறையானவளின் பிடிவாதத்தை மதித்த அந்த 80 வயது மூதாட்டியை நான் அலுவலக எழுத்தரைவிட மேலாகவே மதிக்கிறேன்.

இந்தக் கடிதம் எழுத இன்னொரு காரணமும் உண்டு. மார்த்தாண்டத்தில் எங்களுக்குப் பழக்கமான ஒரு வீட்டின் மகன் கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறார். அங்கே அவருடைய நண்பரின் திருமணத்தை இன்னொரு நண்பரே நடத்தி வைத்ததைப் பார்த்துவிட்டு, தம் திருமணத்தைத் தம் தாய்மாமன் நடத்தி வைக்க வேண்டும் என்றும், அதற்காக மாமா இணையத்தில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டால் போதும் என்றும் அவர் ஆசைப்பட்டார். அங்குள்ள முறை வேறு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் முன்கூட்டியே திருமண உரிமம் வாங்க வேண்டும், அந்த உரிமத்தில் கையெழுத்திடத் தகுதி பெற்ற ஒருவர் திருமணத்தை நடத்த வேண்டும். அதனால்தான் கலிபோர்னியாவில் உறவினர் ஒருவரை ஒரு நாளைக்கு மட்டும் திருமண அலுவலராக நியமிக்க மாவட்ட எழுத்தருக்கு அதிகாரம் தந்திருக்கிறார்கள். மசாசூசெட்ஸில் ஆளுநரிடம் விண்ணப்பித்து ஒரு நாள் அனுமதி பெறலாம். இணையம் வழியே சில நிமிடங்களில் போதகர் பட்டம் தரும் திருச்சபைகளை நாடுபவர்களும் அங்கே மிகுதி; அவ்வாறு பட்டம் பெற்றவர் நடத்திய திருமணம் செல்லுமா என்று சில மாநிலங்களின் நீதிமன்றங்களில் வழக்கு நடந்ததும் உண்டு. கொலராடோ போன்ற சில மாநிலங்களில், நம் 7-ஏ பிரிவு போலவே, மணமக்கள் தாங்களே திருமணம் செய்துகொண்டு உரிமத்தில் கையெழுத்திடலாம். ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தாக வேண்டிய இடத்தில்தான் உறவினருக்கு அந்த அதிகாரத்தை எப்படி வாங்கிக் கொடுப்பது என்ற கேள்வியே எழுகிறது. அந்தச் சான்றிதழை இங்கே கொண்டுவந்தால் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம்.

ஆனால் அந்த இளைஞரின் காரியத்தில் வேறொரு முடிச்சு இருந்தது, அது நம் மாவட்டத்துக்கே உரிய முடிச்சு. அவர் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்; பெண் இந்து. ஒரே குடும்பத்தில் ஒரு கிளை கோயிலுக்கும் இன்னொரு கிளை ஆலயத்துக்கும் போவது நமக்குப் பழகிய காட்சி என்பதால், சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் இரு வேறு சமயத்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 7-ஏ பிரிவு இரண்டு இந்துக்களுக்கு மட்டுமே உரியது. பெண் இந்து, பையன் கிறிஸ்தவர் என்றால், எத்தனை பேர் முன்னிலையில் மாலை மாற்றினாலும், யார் தலைமை தாங்கினாலும், அது அப்பிரிவின்கீழ்த் திருமணம் ஆகாது. இப்படி நடத்திவிட்டுப் பல ஆண்டுகள் கழித்து வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தவர்களை நான் நேரில் அறிவேன்.

ஆலயத்தில் நடத்துவதானால் அங்கே உறவினருக்கு இடம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், யார் யார் திருமணத்தை நடத்தலாம் என்று பெயர் சொல்லிப் பட்டியல் இடுகிறது. அந்தத் தகுதி இல்லாதவர் நடத்தி வைத்தால் பத்தாண்டு வரை சிறை என்றும் சொல்கிறது. பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிகளை விலக்கியே அச்சட்டத்தின் எல்லை வரையறுக்கப்பட்டிருந்ததும், 1956 நவம்பர் 1 வரை நாம் அந்தப் பகுதியாக இருந்ததும் இங்குள்ள வழக்கறிஞர்கள் விரும்பிப் பேசும் செய்திகள். சட்டத்தின் எல்லை எதுவானாலும், சபையின் முறை ஒன்றுதான்: மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து, ஆயரோ பங்குத்தந்தையோ நடத்தி, சபைப் பதிவேட்டில் கையெழுத்தாக வேண்டும். தாய்மாமன் வேதபாடம் வாசிக்கலாம். அதற்குமேல் அவரால் ஆகாது. இதில் ஒரு நுட்பம்: கத்தோலிக்க மரபிலும் திருமணம் என்னும் அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்பவர்கள் மணமக்களே, குருவானவர் திருச்சபையின் பெயரால் சாட்சியாக நிற்பவர் என்றுதான் போதிக்கிறார்கள். இசுலாமியத் திருமணத்திலும் மணமக்களின் சம்மதமும், பெண்ணின் சார்பில் நிற்கும் ‘வலி’ எனப்படும் காப்பாளரும், சாட்சிகளும்தான் அடிப்படை. காஜி இருந்தே ஆக வேண்டும் என்று 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த இளைஞருக்கு நான் சொன்ன வழி சிறப்புத் திருமணச் சட்டம், 1954. இருவரில் ஒருவராவது முந்தைய 30 நாளாக வசிக்கும் மாவட்டத்தின் திருமண அதிகாரியிடம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் ஒட்டப்பட்டு 30 நாளுக்குள் தகுந்த ஆட்சேபம் வராவிட்டால் திருமணம் நடக்கலாம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் நடந்துவிட வேண்டும். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது இங்கும் மாறாது. பலருக்குத் தெரியாத சலுகை ஒன்று இச்சட்டத்தில் இருக்கிறது. கூடுதல் கட்டணம் செலுத்தினால், நியாயமான தொலைவிலுள்ள வேறோர் இடத்திலும் திருமணத்தை வைத்துக்கொள்ளலாம். எந்த முறையில் வேண்டுமானாலும் நடத்தலாம். திருமண அதிகாரியும் 3 சாட்சிகளும் இருக்கையில், இன்னாரை என் சட்டபூர்வமான கணவராக, மனைவியாக ஏற்கிறேன் என்று இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிக்கொள்வது மட்டும் கட்டாயம். ஆக, மாமா தலைமை தாங்கட்டும், வாழ்த்துரை வழங்கட்டும், சாட்சியாகக் கையெழுத்தும் போடட்டும், ஆசையும் நிறைவேறும், சட்டமும் நிறைவேறும். 30 நாள் விடுமுறை கிடைக்குமா என்பதுதான் இப்போது அவர்கள் வீட்டுக் கவலை.

எல்லைக்கு அருகில் வசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 7-ஏ தமிழ்நாட்டுக்கான திருத்தம். புதுச்சேரியில் இதையொத்த ஏற்பாடு உண்டு, கேரளத்தில் இல்லை. களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலையில் மண்டபம் வாடகை குறைவு என்று முன்பணம் கொடுப்பவர்கள், புரோகிதர் இல்லாத திருமணம் என்றால் அதற்குமுன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அத்தையோ மாமாவோ தலைமை தாங்கும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். எங்கள் மண்டபத்தில் மணமகள் வாய் திறந்த அதே நொடியில் யாரோ விரலை அசைக்க, கெட்டிமேளம் முழங்கிவிட்டது. முன் வரிசையில் இருந்தவர்களுக்குக்கூட அவள் சொன்னது கேட்கவில்லை. நான் கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தச் சொல்லி, உறுதிமொழியை மீண்டும் சொல்ல வைத்தேன். நாகசுர வித்துவானுக்கு என்மேல் வருத்தம். ஆனால் சாட்சி என்பவர் காதால் கேட்டிருக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் பழகிய எனக்கு, கேட்காத உறுதிமொழியை விட்டுவிட மனம் வரவில்லை. உறுதிமொழியை ஒரு தாளில் எழுதி, நாள், நேரம், இடம் குறிப்பிட்டு, மணமக்களும் இரு பக்கத்தும் இரண்டிரண்டு உறவினரும் அதே மேடையில் கையெழுத்திட்டுக்கொண்டோம். சட்டம் இந்தத் தாளைக் கேட்கவில்லை. ஆயினும் புகைப்படக்காரர் தரும் தொகுப்பில் மணமகளின் மருதாணிக்கு நாற்பது படமும் மாலை மாற்றியதற்கு ஒரு படமும் இருக்கும் காலத்தில், இது கையில் இருப்பது உதவும். எங்களுக்கு மூன்றாம் முறை அலுவலகம் போனபோது உதவியது.

பதிவுத் துறையினரிடம் என் வேண்டுகோள் பெரியதன்று. 7-ஏ பிரிவின்படி நடந்த திருமணத்துக்குக் கோயில் ரசீதோ புரோகிதரின் கடிதமோ கேட்கப்படாது என்றும், உறுதிமொழி, மாலை அல்லது மோதிரம், தாலி ஆகியவற்றுள் ஒன்று உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் நடந்ததற்கான சாட்சியே போதும் என்றும் தமிழில் எழுதிய ஒரு பலகையை ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும், மக்கள் வரிசையில் நிற்கும் இடத்தில், வைக்க வேண்டும். கலப்புச் சமய இணையர்கள் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் எங்கே, யாரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே பலகையில் இரண்டு வரியில் எழுதிவிடலாம். புதிதாக வரும் எழுத்தர்களுக்கு இப்பிரிவின் நகல் ஒன்றை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கொடுத்தாலும் போதும். நான் கொண்டுபோன நகலை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.